மணலில் இடும் பசளை கிணற்றைச் சேரலாமா?

கற்பிட்டிக் குடாநாட்டின் மரக்கறிச் செய்கை, எமது நாட்டு விவசாயிகளின் விடாமுயற்சிக்குச் சிறந்த சான்றுகளில் ஒன்றாகும். ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளக் களப்பு, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பு. இதுவே அந்த நிலம். அங்கு ஆற்றுப் பாசனம் இல்லை, பெருங்குளங்களும் இல்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் மழை கிடைத்தாலும் அதன் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மாதங்களுக்குள் பெய்து ஓய்ந்து விடுகின்றது. இத்தகைய நிலத்தில்தான் பாலாவியிலிருந்து நுரைச்சோலை, ஏத்தாளை ஊடாகக் கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் கோவாவும் கீரை வகைகளும் விளைகின்றன. தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் பலவும் இந்த மண்ணை நம்பியே வாழ்கின்றன.

இந்தச் சாதனைக்கு அடிப்படையாக அமைந்தவை இரண்டு. ஒன்று, மணலுக்கு அடியில் தேங்கி நிற்கும் நன்னீர். மற்றையது, மூடை மூடையாக இடப்படும் பசளை. ஆனால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பகைத்துக்கொள்ளும் நிலை உருவாகி நீண்ட காலமாகின்றது. பயிருக்கென இடப்படும் பசளையின் பெரும்பங்கு பயிரைச் சென்றடையாமல் மணலின் ஊடாக இறங்கி, அதே குடும்பம் குடிப்பதற்கு அள்ளும் கிணற்று நீரில் கலந்து விடுகின்றது. விவசாயி பணத்தையும் இழக்கின்றார், நீரையும் இழக்கின்றார்.

இதற்குரிய பரிகாரம் பசளையை மேலும் கூட்டுவதன்று, ஒரேயடியாக நிறுத்துவதுமன்று. இட்ட பசளையைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றலை மணலுக்கு வழங்குவதே முதற்பணியாகும். கூட்டெரு, தும்புத்தூள், உமிக்கரி போன்ற எளிய சேர்மானங்கள் இவ்விடத்தில் எவ்வாறு உதவக்கூடும் என்பதையும், அவற்றின் எல்லைகள் யாவை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணல் ஏன் பசளையைத் தாங்குவதில்லை?

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் அடங்கியுள்ளது. நிலத்தில் விழும் யூரியா ஈரம் பட்டவுடன், மண்ணிலுள்ள யூரியேசு என்னும் நொதியத்தின் செயலால் சில நாட்களுக்குள் அமோனியமாக மாறுகின்றது. மேற்பரப்பில் தூவி மண்ணால் மூடாது விட்டால் அதன் ஒரு பகுதி அமோனியா வாயுவாகக் காற்றோடு போய்விடும். மண்ணில் எஞ்சும் அமோனியத்தை, வெப்பமான எமது காலநிலையில், பற்றீரியாக்கள் ஓரிரு வாரங்களுக்குள் நைத்திரேற்றாக மாற்றி விடுகின்றன.

இவ்விடத்தில் ஒரு சிறிய இரசாயனப் பாடம் அவசியமாகின்றது. அமோனியம் நேரேற்றம் கொண்டது. நைத்திரேற்று மறையேற்றம் கொண்டது. மண்ணிலுள்ள களித்துணிக்கைகளும், சேதனப் பொருட்கள் உக்கி உண்டாகும் உக்கலும் மறையேற்றம் உடையவை. எனவே அவை அமோனியத்தைத் தம்மோடு ஒட்டி வைத்துக்கொள்கின்றன, நைத்திரேற்றை ஒட்டவிடுவதில்லை. நைத்திரேற்று நீர் போகும் வழியெல்லாம் போகின்றது. பயிரின் வேர் அதனை உடனடியாக உறிஞ்சிக்கொள்ளாவிடின் அது ஆழத்துக்கு இறங்கிவிடும்.

களிமண் நிலத்தில் நீர் மெதுவாக இறங்குவதால் வேருக்குச் சற்று அவகாசம் கிடைக்கின்றது. கற்பிட்டியிலோ மண்ணில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் மணலாகும். களியும் உக்கலும் மிக அற்பம். நேரேற்றம் கொண்ட போசணைகளைப் பிடித்து வைக்கும் ஆற்றலை மண்ணியலாளர் ஓர் அலகால் அளவிடுவர். வெறும் மணலுக்கு அந்த அளவு ஒன்றிரண்டாக இருக்கையில், நன்கு உக்கிய சேதனப் பொருளுக்கு அது நூறையும் தாண்டும். ஆகவே கற்பிட்டி மணலில் நைத்திரேற்று மட்டுமன்றி அமோனியமும் பொட்டாசியமும்கூட நிலைத்து நிற்பதில்லை. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போன்றதே இது.

இலை மரக்கறிகளுக்கு இப்பிரச்சினை இரட்டிப்பாகின்றது. கீரையும் கங்குங்கும் இலைக்காகவே வளர்க்கப்படுபவை. இலையின் பசுமைக்கும் பெருக்கத்துக்கும் நைதரசன் இன்றியமையாதது. அவற்றின் வேர்களோ ஆழமாகச் செல்வதில்லை. விதைத்த மூன்று நான்கு வாரங்களில் அறுவடை முடிந்துவிடும். ஆழமற்ற வேரும் குறுகிய ஆயுளும் உடைய பயிருக்கு, நாள்தோறும் நீர் பாய்ச்சும் மணலில், யூரியாவை ஒரே தடவையில் அள்ளி இட்டால் அதில் எவ்வளவு பயிரைச் சேரும் என்பதை ஊகிப்பது கடினமன்று. உலகெங்கும் பொதுவாகவே வயலுக்கு இடும் நைதரசனில் சரிபாதியோ அதற்கும் குறைவாகவோதான் பயிரில் சேர்வதாக ஆய்வாளர் கூறுவர். மணல் நிலத்தில் நிலைமை அதனினும் மோசமாகவே இருக்கும்.

கிணற்று நீர் கூறும் கணக்கு

கற்பிட்டியின் நிலக்கீழ் நீர், கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு நன்னீர்ப் படையாகும். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் தாங்கி நிற்கும் என்பது நீரியலாளர் அறிந்த விதி. அந்த நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால் கீழிருந்து உவர்நீர் பல மடங்கு மேலெழும். இந்த மெல்லிய நன்னீர்ப் படையே பயிருக்கும் பாசன நீர், மனிதருக்கும் குடிநீர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். கற்பிட்டிப் பிரதேசத்திலும் கணிசமானோர் குடியேறினர். அதனால் இந்த நீரில் தங்கியிருப்போரின் தொகையும் பெருகியது.

கற்பிட்டியின் தீவிர மரக்கறிச் செய்கை நிலங்களுக்கு அடியிலுள்ள நீரில் நைத்திரேற்று ஏறிவருவது, 1980களின் நடுப்பகுதியிலேயே பிரித்தானியப் புவிச்சரிதவியல் ஆய்வாளர்களும் எமது நாட்டு ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய ஆய்வில் வெளிப்பட்டது. செய்கை பண்ணப்படாத நிலங்களின் கீழ் மிகக் குறைவாகவும், பயிர் நிலங்களின் கீழ் குடிநீருக்குரிய எல்லையைத் தாண்டியும் நைத்திரேற்று காணப்பட்டது. அதன் பின்னரும் பல ஆய்வுகள் இதனையே உறுதிப்படுத்தின. ஆக, இது நேற்று இன்று தோன்றிய பிரச்சினையன்று. நாற்பது ஆண்டுகளாக அறிந்தும் அறியாதவராய் நாம் இருந்து வரும் ஒரு விடயமாகும்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு விதித்துள்ள எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் ஆகும். இதனை வைத்து ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மூடை யூரியாவிலுள்ள 23 கிலோ நைதரசனில் பாதி மட்டும் கீழிறங்குவதாகக் கொள்வோம். அந்தப் பதினொன்றரைக் கிலோ நைதரசன், நைத்திரேற்றாக மாறும்போது ஏறத்தாழ 51 கிலோ எடையுடையதாகும். நைத்திரேற்றே இல்லாத தூய நீரில் அது கலந்தால், பத்து இலட்சம் லீற்றர் நீரை அந்த எல்லைவரை கொண்டு சென்றுவிடும். வீணாகும் அரை மூடை யூரியா பத்து இலட்சம் லீற்றர் குடிநீரைக் கேள்விக்குறியாக்கும் என்பதே இதன் பொருளாகும்.

இதனால் முதலில் பாதிக்கப்படுவோர் கைக்குழந்தைகளே. ஆறு மாதத்துக்கும் குறைந்த வயதுடைய குழந்தைக்கு, நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கும்போது, அது குழந்தையின் உடலில் நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து விடுகின்றது. குழந்தையின் உதடும் விரல் நுனிகளும் நீலம் பாரிக்கும். கடுமையானால் உயிருக்கும் ஆபத்து நேரலாம். நீரைக் கொதிக்க வைத்தால் தீமை நீங்கும் என்று நம்பும் தாய்மார் எம்மத்தியில் அநேகர். கிருமிகளைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் நைத்திரேற்று கொதிப்பதால் அழிவதில்லை. நீர் ஆவியாகி வற்றுந்தோறும் எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே செய்கை நிலத்தை அண்டிய கிணறுகளின் நீரைப் பரிசோதிக்காமல் பால்மா கரைக்கப் பயன்படுத்தலாகாது. தாய்ப்பால் ஊட்டுவதே குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பாதுகாப்பாகும்.

இதே கணக்கில் விவசாயிக்கு அனுகூலமான ஒரு பக்கமும் உண்டு. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள கிணற்று நீரை நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் வீதம் முப்பது நாட்கள் பாய்ச்சினால், ஏக்கருக்கு ஏறத்தாழ 15 கிலோ யூரியாவுக்குச் சமமான நைதரசன் நீரோடு சேர்ந்தே பயிருக்குக் கிடைத்து விடுகின்றது. பணம் கொடுத்து வாங்காத இப்பசளையைக் கணக்கிற் சேர்ப்பவர் எவருமில்லை. கிணற்று நீரைப் பரிசோதித்து அதற்கேற்ப யூரியாவைக் குறைத்துக்கொள்வது, எவ்வித செலவுமின்றி ஆரம்பிக்கக்கூடிய முதற்படியாகும்.

2021 புகட்டிய பாடம்

பசளை குறித்துப் பேசும்போது 2021 ஆம் ஆண்டை மறந்துவிட முடியாது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை, பீடைநாசினி என்பவற்றின் இறக்குமதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் தடை செய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் சேதன விவசாயத்துக்கு மாற வேண்டுமெனப் பணிக்கப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, விவசாயிகள் வீதியில் இறங்கினர், நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வந்த பொருளாதார நெருக்கடியில் பசளையின் விலை விண்ணைத் தொட்டது. 2005 ஆம் ஆண்டு அறிமுகமான மானியத் திட்டத்தின் கீழ் நெற்செய்கையாளருக்கு 350 ரூபாவுக்கு வழங்கப்பட்ட யூரியா மூடை, 2022 இல் வெளிச்சந்தையில் பல்லாயிரம் ரூபாவுக்கு விற்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து இருவேறு முடிவுகளுக்கு வருவோர் உளர். சேதனப் பசளை என்பதே ஏமாற்று, யூரியாவன்றி வேறு வழியில்லை என்போர் ஒரு சாரார். நோக்கம் நல்லதே, நடைமுறைப்படுத்திய விதமே பிழை என்போர் மறுசாரார். எமது கருத்தில், அந்த நடவடிக்கையின் அடிப்படைத் தவறு, மண்ணைத் தயார் செய்யாமலேயே பசளையை நிறுத்தியமையாகும். சேதனப் பொருளையும் இரசாயனப் பசளையையும் ஒன்றுக்கொன்று எதிரிகளாக நிறுத்தியதும் தவறே. கற்பிட்டி போன்ற மணல் நிலத்தில் இரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன. கூட்டெரு தனித்து நின்று குறுகிய காலப் பயிரொன்றின் நைதரசன் தேவையை முழுமையாக நிறைவேற்றுவது அரிது. யூரியா தனித்து நின்றால் மணலில் தங்குவதில்லை. கூட்டெரு பிடித்து வைக்க, யூரியா ஊட்டம் கொடுக்க, இரண்டும் சேர்ந்தாலே பயன் விளையும்.

எந்தச் சேர்மானம், எதற்கு?

மண்ணை வளப்படுத்தச் சேதனப் பொருட்களைப் புதைக்கும் வழக்கம் எமது மக்களுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத் தோட்டங்களில் குழை தாழ்ப்பதும் பனையோலை புதைப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தவை. அவற்றின் பின்னாலிருந்த அறிவை இன்றைய மண்ணியல் விளக்கித் தருகின்றது. புத்தளக் கரையோரத்தில் இலகுவில் கிடைக்கக்கூடிய பொருட்கள் நான்கினை இங்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது கூட்டெரு. மணலுக்கு உக்கலைச் சேர்ப்பதால் நீரையும் போசணையையும் பிடித்து வைக்கும் ஆற்றல் கூடுகின்றது. மண்வாழ் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. மரக்கறிப் பயிர்களுக்கு ஹெக்டயருக்குப் பத்துத் தொன் என்பது பரவலாகச் சிபாரிசு செய்யப்படும் அளவு. சதுர மீற்றருக்கு ஒரு கிலோ எனக் கொள்ளலாம். இதன் குறை, எமது வெப்பத்தில் அது விரைவில் சிதைந்து போவதாகும். குளிர் நாடுகளில் பல்லாண்டு நிற்கும் உக்கல், ஈரமும் வெப்பமும் காற்றோட்டமும் மிகுந்த மணலில் வெகுகாலம் நிற்பதில்லை. எனவே ஒவ்வொரு போகத்துக்கும் மீண்டும் இடவேண்டியுள்ளது.

இரண்டாவது தும்புத்தூள். தென்னை முக்கோணத்தின் ஒரு பகுதியாகிய எமது மாவட்டத்தில் தும்பு ஆலைகளின் அருகே இது மலைபோற் குவிந்து கிடப்பதைக் காணலாம். தன் எடையைப்போற் பல மடங்கு நீரை உறிஞ்சி வைக்கக்கூடியது. தென்னையின் அடியில் குழியமைத்துத் தும்புத்தூளையும் உரிமட்டையையும் புதைத்து ஈரத்தைப் பேணும் முறையும் எம்மிடையே நன்கு அறியப்பட்டதே. ஆயினும் இதனைப் பச்சையாகப் பாத்தியில் இடுவது தீங்காகும். அதில் கரிமம் நூறு பங்குக்கும் மேலிருக்க, நைதரசன் ஒரு பங்கே உண்டு. அதனை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான நைதரசனை மண்ணிலிருந்தே பறித்துக்கொள்ளும், கீரை மஞ்சளாகும். தமிழகத்திலும் கேரளத்திலும் சிப்பிக்காளான் வித்தையும் சிறிதளவு யூரியாவையும் சேர்த்துத் தும்புத்தூளை முதலில் உக்கச் செய்து, பின்னர் வயலுக்கு இடும் முறை நீண்ட காலமாக நடைமுறையிலுள்ளது. அவ்வாறு உக்கிய பின் கரிம நைதரசன் விகிதம் நூற்றுப் பன்னிரண்டிலிருந்து ஏறத்தாழ இருபத்து நான்காகக் குறைந்துவிடுகின்றது. களப்பின் உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வரும் தூளாயின், உப்புப் போக நன்னீரில் அலசிய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.

மூன்றாவது கரி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். நெல் ஆலைகளில் வீணே எரிக்கப்படும் உமியை, காற்றை மட்டுப்படுத்தி எரித்தால் சாம்பலுக்குப் பதிலாகக் கருநிற உமிக்கரி கிடைக்கின்றது. துளையிட்ட தகரக் குழாயொன்றை நடுவில் நிறுத்தி, அதனுள் தீ மூட்டி, சுற்றிலும் உமியைக் குவித்து, கருகியதும் நீர் தெளித்து அணைப்பது எளிய முறையாகும். நாற்றுமேடைகளுக்கு அரைகுறையாக எரித்த உமியைப் பயன்படுத்துவது எமது விவசாயிகளுக்கு ஏற்கெனவே பழக்கமானதே. சிரட்டைக் கரித் தூளும், சீமைக்கிளுவைத் தடியின் கரியும் இவ்வகையைச் சேர்ந்தவை. கரியின் தனிச்சிறப்பு அதன் நீடித்த ஆயுள் ஆகும். அமேசன் காடுகளில் பழங்குடி மக்கள் கரியையும் கழிவையும் கலந்து உண்டாக்கிய கறுப்பு மண், பல நூற்றாண்டுகள் கழிந்தும் வளம் குன்றாதிருப்பது உலகறிந்த செய்தியாகும்.

எனினும் கரியைப் பற்றிச் சொல்லப்படும் யாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. உலகளாவிய ஆய்வு முடிவுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான ஒரு மதிப்பீடு, வெப்பவலய நாடுகளில் கரியிட்ட நிலத்தின் விளைச்சல் சராசரியாக 25 வீதம் கூடியதாகவும், குளிர் நாடுகளில் அத்தகைய நன்மை கிடைக்கவில்லை எனவும் கூறியது. இந்த 25 வீதத்தின் பின்னால் ஒரு காரணம் உண்டு. அமிலத்தன்மை மிகுந்த, வளங்குன்றிய மண்ணில் கரியின் காரத்தன்மை சுண்ணாம்பைப் போல் வேலை செய்கின்றது. கடற்சிப்பிகள் கலந்த கரையோர மணல் அமில மண்ணன்று. ஆகவே கற்பிட்டி விவசாயி அதே அளவு பலனை எதிர்பார்ப்பது சரியன்று. அவருக்குக் கரியினால் கிடைக்கக்கூடிய நன்மை நீரும் போசணையும் தங்குவதே.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. புதிதாகச் சுட்டெடுத்த கரி அமோனியத்தை ஓரளவு பிடிக்குமாயினும் நைத்திரேற்றைப் பெரிதாகப் பிடிப்பதில்லை. எருவோடு சேர்த்து உக்கவைத்த கரியோ நைத்திரேற்றைத் தன் நுண்துளைகளுக்குள் பிடித்து வைத்து, பின் மெல்ல மெல்லப் பயிருக்கு வழங்குவதாக ஜேர்மனிய ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வில் கண்டறிந்தனர். எனவே கரியை நேரடியாகப் பாத்தியில் கொட்டாமல், கூட்டெருக் குவியலிலோ கோழி எருவோடோ கலந்து இரண்டு மூன்று மாதங்கள் உக்கவைத்து இடுவதே அறிவுடைமையாகும். வெறுங்கரியை இட்டுவிட்டு, பயன் எதுவுமில்லை எனக் கைவிட்டோர் பலரின் தோல்விக்கு இந்த ஒரு படியைத் தவறவிட்டமையும் காரணமாயிருக்கலாம்.

நான்காவது வேம்பு. வேப்பம்பிண்ணாக்கிலுள்ள சேர்வைகள், அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்களின் வேகத்தைக் குறைக்கின்றன. யூரியா நைத்திரேற்றாக மாறத் தாமதித்தால் கீழிறங்குவதும் தாமதிக்கும். இந்தியாவில் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டதாயிருக்க வேண்டுமென 2015 இல் அரசு விதித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். வேம்பு செழித்து வளரும் வரண்ட வலயத்தில், பழம் உதிரும் காலத்தில் வித்துகளைச் சேகரிப்பது பெண்களுக்கும் ஒரு வருமான வழியாக அமையக்கூடும். சியோலைற்று எனும் கனிமம், நீரை உறிஞ்சும் செயற்கைப் பசைகள் போன்றனவும் இதே நோக்கத்துக்குப் பயன்படுபவையே. ஆயினும் விலைகொடுத்து வாங்க வேண்டிய இப்பொருட்களை நாடுமுன், கண்முன்னே கிடக்கும் உமியையும் தும்புத்தூளையும் பயன்படுத்துவதே பொருத்தமானது.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

சேதனம் என்ற பெயர் இருந்தாலே தீங்கில்லை என்று எண்ணுவது தவறாகும். வடமேல் மாகாணத்தில் கோழிப் பண்ணைகள் அநேகம். கோழி எரு தாராளமாகக் கிடைக்கின்றது. உக்காத கோழி எருவை அளவின்றி இட்டால் அதிலுள்ள நைதரசனும் நைத்திரேற்றாகி, யூரியாவைப் போலவே கிணற்றை நோக்கி இறங்கும். இலை மரக்கறிகளைப் பொறுத்தவரை உக்காத எருவினால் நோய்க்கிருமிகள் இலையில் ஒட்டும் அபாயமும் உண்டு.

நுரைச்சோலையில் 900 மெகாவோட் கொள்ளளவுடைய நிலக்கரி மின்நிலையம் இயங்கிவரும் நிலையில், நிலக்கரிச் சாம்பலை மண்ணில் சேர்க்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பே. உமிச் சாம்பல் வேறு, நிலக்கரிச் சாம்பல் வேறு. பின்னையதில் போரன், ஆசனிக் முதலிய மூலகங்களும் பார உலோகங்களும் இருக்கக்கூடும். முறையான பரிசோதனையும் உரிய திணைக்களத்தின் அனுமதியுமின்றி, குடிநீருக்கு மேலுள்ள மணலில், உண்ணும் கீரைக்கு அதனை இடுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. அதேபோல, களப்பிலிருந்து கடற்புற்களை வாரி எடுத்துப் பசளையாக்குவதும் மீன், இறால் குஞ்சுகளின் இருப்பிடத்தை அழிப்பதாகவே முடியும்.

நைதரசன் மிகையாக இட்ட கீரையின் இலையிலும் நைத்திரேற்று தேங்குகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் பசளிக் கீரைக்கும் சலாது இலைக்கும் இதற்கென எல்லைகளை விதித்துள்ளது. வளர்ந்தோர் இதனையிட்டு அச்சங்கொள்ளத் தேவையில்லை. கீரை உண்பதால் வரும் நன்மை பெரிது. எனினும் கருஞ்சாயல் பச்சையாய்த் தழைத்த கீரையே சிறந்ததென்ற எண்ணத்தை விவசாயியும் நுகர்வோரும் மீளாய்வு செய்தல் நன்று. சூரிய ஒளியில் இலை நைத்திரேற்றைப் பயன்படுத்திக்கொள்வதால், அதிகாலையில் பறிப்பதைவிட மாலையில் பறிக்கும் இலையில் அதன் அளவு குறைந்திருக்கும்.

நான்கு பாத்திகளில் ஒரு சோதனை

புதிய முறையொன்றை நம்பி ஒரு போகத்தையே பணயம் வைக்குமாறு எவரும் விவசாயியிடம் கோர முடியாது. 2021 அதனையே செய்தது. ஆனால் கீரைச் செய்கையில் ஒரு வசதி உண்டு. ஒரு மாதத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். இழப்பதற்கு அதிகம் இல்லை.

பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட நான்கு பாத்திகளை அருகருகே அமைக்கலாம். முதலாவதில் வழக்கமாக இடும் யூரியா முழுவதும், சேர்மானம் எதுவுமில்லை. இரண்டாவதில் அதே யூரியாவோடு, எருவில் உக்கவைத்த உமிக்கரிக் கலவை ஆறு கிலோ. மூன்றாவதில் அதே கலவையோடு முக்கால் பங்கு யூரியா. நான்காவதில் அதே கலவையோடு அரைப் பங்கு யூரியா. விதை, நீர், பராமரிப்பு யாவும் நான்குக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். யூரியாவை ஒரே தடவையில் இடாமல் மூன்று நான்கு தடவைகளாகப் பிரித்து இட்டு மண்ணால் மூடுதல் அவசியம். அறுவடையின்போது ஒவ்வொரு பாத்தியின் கீரையையும் தராசில் நிறுத்து எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது அல்லது நான்காவது பாத்தி முதலாவதற்குச் சமமாக விளைந்தால், மிச்சப்படும் யூரியாவின் பெறுமதியும் சேர்மானத்தின் செலவும் எவ்வளவென விவசாயியே கணக்கிட்டுக் கொள்ளலாம். கரி பல போகங்களுக்கு மண்ணில் நிற்பதால் அதன் செலவை ஒரே போகத்தின்மேல் சுமத்துவது நியாயமன்று. விளைச்சல் குறைந்தாலும் இழப்பு ஓரிரு பாத்திகளோடு நின்றுவிடும். ஒருமுறை செய்து முடிவு கட்டாமல், மழைக்காலத்தில் ஒருமுறையும் வரட்சியில் ஒருமுறையும் செய்து பார்ப்பது நல்லது. மழையிலேயே கழுவிச் செல்லப்படும் அளவு அதிகம்.

நீர்ப்பாசனத்திலும் மாற்றம் தேவைப்படும். சேர்மானம் இட்ட பாத்தி கூடுதல் நேரம் ஈரமாயிருக்கும். பழக்கத்தின் காரணமாக முன்போலவே தூவல் குழாயைத் திறந்துவிட்டால், பிடித்து வைத்த போசணையையும் அந்த நீர் கழுவிச் சென்றுவிடும். நீரைக் குறைப்பதும் பசளையைக் குறைப்பதும் ஒன்றாகவே நடைபெற வேண்டும். அதனால் எரிபொருளும் மின்சாரமும் மிச்சமாவதோடு, கீழிருந்து உவர்நீர் ஏறுவதும் தணியும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

விவசாயி ஒருவர் மட்டும் தம் பாத்தியில் செய்யும் மாற்றம், அவரது செலவைக் குறைக்கலாம். ஆனால் அவரது கிணற்றை முழுமையாகக் காப்பாற்றாது. நிலக்கீழ் நீருக்கு வேலியில்லை. அயலவர் தோட்டத்தில் இறங்கும் நைத்திரேற்று இவர் கிணற்றிலும் ஊறும். ஆகவே இது கிராமம் கிராமமாகச் செய்ய வேண்டிய பணியாகும். விவசாய சங்கங்களும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிருவாகங்களும் இதில் ஒன்றிணைவதற்குத் தடையெதுவும் இல்லை. நீர் இனம் பார்த்து ஊறுவதில்லை.

விவசாயத் திணைக்களம், பொதுவான பசளைச் சிபாரிசோடு நின்றுவிடாது, கற்பிட்டி மணலுக்கென, சேர்மானம் இட்ட நிலத்துக்கு வேறாகவும் இடாத நிலத்துக்கு வேறாகவும் அளவுகளைப் பரிசோதித்து, தமிழிலும் சிங்களத்திலும் விவசாயிகளுக்கு விளக்க வேண்டும். லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவகமும் மாகந்துரையிலுள்ள வயம்பப் பல்கலைக்கழக விவசாய பீடமும் அண்மையிலேயே உள்ளன. அவற்றின் அறிவு வயல்வெளியை வந்தடைவதே தேவை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் செய்கை நிலத்தை அண்டிய கிணறுகளை ஆண்டுக்கு இருமுறையாவது பரிசோதித்து, பெறுபேற்றை உரிய குடும்பங்களுக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முன்னுரிமை அளிக்கப்படுவது கட்டாயமாகும். அத்தகைய வீடுகளுக்குப் பாதுகாப்பான குடிநீர் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பேயன்றி, விவசாயியின் பொறுப்பன்று.

உமிக்கரியும் தும்புத்தூளும் மந்திரப் பொருட்களல்ல. நாற்பது ஆண்டுகளாக மணலுக்குள் இறங்கிய நைத்திரேற்றை அவை ஓராண்டில் மீட்டுத்தரப் போவதுமில்லை. இன்று இடும் பசளையில் நாளை இறங்கவிருக்கும் பங்கை அவற்றால் குறைக்க முடியும். விவசாயியின் பணத்தையும் அவரது குழந்தையின் குடிநீரையும் ஒருங்கே காக்கும் வழிகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று எமது ஆலை முற்றங்களில் கேட்பாரற்றுக் குவிந்து கிடக்கின்றது. அதனை அள்ளிப் பாத்தியில் சேர்க்கும் பணி அடுத்த மழைக்கு முன்னரே ஆரம்பமாக வேண்டும்.